வடமுனை ஒளியை அளந்தவர்கள்

ஐரோப்பாவின் வடகோடியில், நார்வே நாட்டின் கடற்கரையில், ஆல்ட்டா என்றோர் ஊர் இருக்கிறது. வட அட்சரேகை 70 பாகையில் அமைந்த ஊர் அது. நவம்பர் மாதக் கடைசியில் அங்கே மறையும் சூரியன் மீண்டும் தலைகாட்டுவது ஜனவரி நடுவில்தான். நண்பகலில் சிறிது நேரம் அந்தி வெளிச்சம் போன்ற ஒன்று தெரியும். மற்றபடி எங்கும் இருள். அந்த நீண்ட இரவில், மேகமில்லாத நேரமாகப் பார்த்து, கம்பளி உடைகளைப் போர்த்துக்கொண்டு வெளியே வந்து நிற்பவர் வானத்தில் ஓர் அரிய காட்சியைக் காண்பார்.

முதலில் வெளிறிய வில் ஒன்று அடிவானத்துக்கு மேலே தோன்றும். பழக்கமில்லாதவர் அதை மெல்லிய மேகம் என்றே எண்ணுவார். ஆனால் அதனூடே விண்மீன்கள் தெரியும். சற்று நேரத்தில் அந்த வில் பச்சை நிறம் பெறும். பிறகு அதன் ஓரம் நெளியத் தொடங்கும். கொடியில் உலரப்போட்ட புடவை காற்றில் அலைவது போல மடிப்பு மடிப்பாக ஆடும். கீழ் விளிம்பில் இளஞ்சிவப்பு ஓடும். திடீரென்று வானம் முழுவதும் கதிர்கள் பாய்ந்து, தலைக்கு மேல் ஒரு புள்ளியில் குவிவது போலத் தோன்றும். சில நிமிடங்களில் எல்லாம் கலைந்து, மங்கிய திட்டுகளாக மாறி, அணைந்தும் எரிந்தும் மறையும்.

இதுவே வடமுனை ஒளி. உரோமானியரின் வைகறைத் தெய்வமாகிய அரோராவின் பெயரையும், கிரேக்கரின் வடகாற்றுத் தெய்வமாகிய போரியசின் பெயரையும் இணைத்து ‘அரோரா போரியாலிஸ்’ என்று ஐரோப்பிய அறிஞர்கள் இதற்குப் பெயரிட்டனர். தென்முனைப் பகுதியிலும் இதே போன்ற ஒளி உண்டு. பின்லாந்து மக்கள் இதை ‘நரி நெருப்பு’ என்று பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். பனிமேட்டில் ஓடும் நரி வாலால் அடித்துத் தெறிக்கவிடும் பொறிகள் என்பது அவர்களுடைய பழங்கதை.

இந்த ஒளி குளிரினால் உண்டாவது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கோடையிலும் அது வானத்தில் ஆடிக்கொண்டுதான் இருக்கும். நள்ளிரவிலும் சூரியன் மறையாத அந்த நாட்களில் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. இருள் வேண்டுமானால் குளிர்காலம் வரவேண்டும். ஆகவே வடமுனை ஒளியை ஆராய விரும்பியவர்கள் எல்லாரும் கடுங்குளிரில் இரவு முழுவதும் காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. அவர்களுடைய வரலாறே இக்கட்டுரை.

இந்த வரலாற்றில் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். தனி ஒருவர் ஓரிடத்தில் நின்று எத்தனை இரவுகள் பார்த்தாலும் வடமுனை ஒளியின் அழகைத்தான் காண முடிந்தது. வெவ்வேறு இடங்களில் நின்ற இருவர், ஒரே கணத்தில் பார்த்து, குறித்துக்கொண்டதை ஒப்பிட்டபோதுதான் அதன் இயல்பு விளங்கியது.

காந்த ஊசியின் நடுக்கம்

வெப்பமானியின் அளவுமுறையால் செல்சியஸ் என்ற பெயர் நமக்கெல்லாம் தெரியும். ஆண்டர்ஸ் செல்சியஸ் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தில் வானியல் பேராசிரியராக இருந்தவர். அவருடைய மைத்துனரும் உதவியாளருமான ஓலோஃப் ஹியோர்ட்டர், 1741ஆம் ஆண்டு முழுவதும் ஒரு பொறுமையான வேலையில் ஈடுபட்டார். நுண்ணிய காந்த ஊசி எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதை இரவும் பகலும் மணிக்கொரு முறை பார்த்து எழுதி வந்தார். ஓராண்டில் அவர் எழுதிய அளவீடுகள் 6,000க்கும் மேற்பட்டவை.

அவ்வாண்டு மார்ச் மாத இரவு ஒன்றில், வானத்தில் வடமுனை ஒளி ஆடிய நேரத்தில் ஊசியும் நிலைகொள்ளாமல் ஆடியதை ஹியோர்ட்டர் கண்டார். வானத்து ஒளிக்கும் மேசைமேல் இருக்கும் இரும்பு ஊசிக்கும் என்ன தொடர்பு? உப்சாலாவில் மட்டும் ஏற்பட்ட ஏதோ ஓர் அதிர்ச்சியாக அது இருக்கக்கூடாதா? இந்த ஐயத்தைத் தீர்க்கச் செல்சியஸ் ஒரு வழி கண்டார். இலண்டனில் ஜார்ஜ் கிரகாம் என்ற புகழ்பெற்ற கடிகாரக் கலைஞரும் இத்தகைய ஊசியைக் கவனித்து வந்தார். இருவரும் குறித்த நாட்களில் தத்தம் ஊசிகளைக் கவனிப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டனர். 1741 ஏப்ரல் 5ஆம் நாள் உப்சாலாவில் ஊசி ஆடியது. அதே நாளில் இலண்டனிலும் ஆடியது என்று பின்னர்த் தெரிந்தது.

இரண்டு ஊர்களுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. இரண்டிலும் ஒரே நேரத்தில் ஊசி ஆடியதென்றால், அது உள்ளூர் அதிர்ச்சியன்று. பூமியின் காந்தப் புலமே கலங்குகிறது என்று பொருள். வடமுனை ஒளி வெறும் வானிலை நிகழ்ச்சியன்று என்பதற்குக் கிடைத்த முதல் வலுவான சான்று இதுவே.

சூரியனில் ஒரு பொறி

பூமியின் காந்தம் ஏன் கலங்குகிறது? இக்கேள்விக்கு விடை சொல்லும் நிகழ்ச்சி 1859 செப்டம்பர் முதல் நாள் முற்பகலில் நடந்தது. இங்கிலாந்தில் ரிச்சர்டு காரிங்டன் என்பவர் தமது ஆய்வுக்கூடத்தில் சூரியனின் உருவத்தைத் திரையில் வீழ்த்தி, கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். அப்போது ஒரு கரும்புள்ளிக் கூட்டத்தின் மேல் கண்ணைக் கூசும் இரண்டு ஒளித் திட்டுகள் தோன்றி, ஐந்தே நிமிடங்களில் மறைந்தன. கருவியில் கோளாறோ என்று முதலில் ஐயுற்றார். ஆனால் ரிச்சர்டு ஹாட்ஜ்சன் என்ற மற்றொருவரும் வேறோர் இடத்திலிருந்து அதே நேரத்தில் அதையே கண்டிருந்தார். இங்கும் இரண்டாவது சாட்சியே ஐயத்தைத் தீர்த்தது.

இலண்டனுக்கு அருகில் கியூ என்னுமிடத்தில், காந்தப் புலத்தை ஒளிப்படத் தாளில் தானாகவே பதிவு செய்யும் கருவி இருந்தது. சூரியனில் பொறி தோன்றிய அதே நேரத்தில் அத்தாளின் கோட்டில் ஒரு சிறு துள்ளல் பதிவாகியிருந்தது. ஏறத்தாழ 17 மணி நேரம் கழித்துப் பெரும் காந்தப் புயல் பூமியைத் தாக்கியது. வழக்கமாகத் துருவத்தை ஒட்டியே காணப்படும் ஒளி, கியூபாவிலும் ஹவாய்த் தீவுகளிலும் தெரிந்தது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லண்டுக்கும் இடையே தந்தி அனுப்பியவர்கள் மின்கலங்களைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பியில் தானாக ஓடிய மின்னோட்டத்தைக் கொண்டே செய்தி அனுப்பினர்.

அந்தப் புயலின் மிக முக்கியமான பதிவுகளில் ஒன்று நம் நாட்டில் எடுக்கப்பட்டது. பம்பாயின் கொலாபா ஆய்வகத்தில், கருவியைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிவந்தவர்கள், 1859 செப்டம்பர் 2ஆம் நாள் கிடைத்திசைக் காந்தப் புலம் ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா வீழ்ந்ததைக் குறித்து வைத்தனர். அவ்விடத்துக் காந்தப் புலத்தில் இது நூற்றில் நான்கு பங்கு. சிறிதாகத் தோன்றினாலும், வழக்கமான காந்தப் புயல்களோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் புயலின் வலிமையைக் கணிக்க விஞ்ஞானிகள் அந்த ஏட்டையே நாடினர்.

எவ்வளவு உயரம்?

சூரியனும் காந்தமும் தொடர்புடையவை என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஓர் எளிய கேள்விக்கு உறுதியான விடை இல்லை: இந்த ஒளி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? மேகத்தின் உயரத்திலேயே இருந்தால் அது காற்றிலும் ஈரத்திலும் பிறந்ததாகலாம். மேகங்களைப் போலப் பத்து மடங்கு உயரத்தில் இருந்தால், வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்று அங்கே காற்றைத் தாக்குகிறது என்று கொள்ளலாம். எல்லாக் கொள்கைகளும் இந்த ஓர் எண்ணையே நம்பி நின்றன.

உயரத்தை அளக்கும் முறை நமக்குத் தெரிந்ததுதான். கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவரில் விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். விரலை முகத்துக்கு அருகே கொண்டுவந்தால் இடமாற்றம் கூடும். தொலைவில் வைத்தால் குறையும். இதையே இடமாறு தோற்றம் என்கிறோம். இரு கண்களுக்குப் பதில் இரண்டு ஊர்கள். சுவருக்குப் பதில் விண்மீன்கள். விரலுக்குப் பதில் வடமுனை ஒளி. இரண்டு ஊர்களிலிருந்தும் பார்க்கும்போது ஒளியின் விளிம்பு விண்மீன்களிடையே எத்தனை பாகை இடம் மாறுகிறது என்று தெரிந்தால், முக்கோணக் கணக்கு உயரத்தைச் சொல்லிவிடும்.

இம்முறையில் ஹென்றி காவெண்டிஷ் 1790இல் கணக்கிட்டு, ஏறத்தாழ 80 முதல் 115 கிலோமீட்டர் என்று சொன்னார். வியக்கத்தக்க அளவுக்கு அது உண்மைக்கு அருகில் இருந்தது. ஆனால் வேறு பலர் வேறு பல எண்களைத் தந்தனர். காரணம் எளிது. வடமுனை ஒளி மலையைப் போல நிற்பதில்லை. ஒரு கண்காணிப்பாளர் பார்த்த விளிம்பையே, அதே நொடியில் மற்றவரும் பார்த்தார் என்பதற்கு என்ன உறுதி? கடிகாரம் அரை நிமிடம் பிசகினாலும் ஒளி வேறு வடிவம் கொண்டுவிடும்.

1882-83இல் முதலாவது அனைத்துலகத் துருவ ஆண்டு நடைபெற்றது. பன்னிரண்டு நாடுகள் துருவப் பகுதிகளில் நிலையங்கள் அமைத்து ஒரே திட்டப்படி அளவுகள் எடுத்தன. அப்போது சோஃபஸ் டிராம்ஹோல்ட் என்ற டென்மார்க் நாட்டுப் பள்ளி ஆசிரியர், நார்வேயின் வட பகுதியில், துருவக் கலைமான்களை வளர்க்கும் சாமி இன மக்கள் வாழும் கௌட்டோகெய்னோ ஊரில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தார். ஆல்ட்டாவுக்கு அருகிலிருந்த போசெகோப் நிலையத்தாரும் அவரும் குறித்த நேரங்களில் ஒளியைப் பார்த்து அளந்தனர். ஒளிப்படம் எடுத்தால் பார்வைப் பிழை நீங்கும் என்று அவர் முயன்றார். ஆனால் அன்றைய தகடுகளில் வடமுனை ஒளி பதியவே இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1892இல், அதே ஆல்ட்டா வட்டாரத்தில் மார்ட்டின் பிரெண்டல், ஓட்டோ பாஷின் என்ற ஜெர்மானியர் இருவர் முதல் ஒளிப்படத்தை எடுத்தனர். இனித் தேவைப்பட்டது, அதை இரண்டு இடங்களில் ஒரே கணத்தில் செய்யக்கூடிய ஒருவர்.

மலையுச்சியில் ஒரு குளிர்காலம்

அந்த மனிதர் கிறிஸ்டியான் பிர்க்லாண்டு. 1867இல் நார்வேயின் தலைநகரில் பிறந்தவர்; அங்கேயே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானவர். வெற்றிடக் குழாய்களில் எதிர்மின்வாய்க் கதிர்களை ஆராய்ந்த அவர், காந்தத்தின் முனையை நோக்கி அக்கதிர்கள் குவிவதைக் கண்டார். 1896இல் ஒரு துணிச்சலான கருத்தை வெளியிட்டார். சூரியனிலிருந்து இத்தகைய மின்துகள்கள் புறப்பட்டு வருகின்றன. பூமியின் காந்தப் புலம் அவற்றைத் துருவங்களை நோக்கித் திருப்புகிறது. அவை மேல்வளிமண்டலத்தைத் தாக்கும்போது எழும் ஒளியே வடமுனை ஒளி என்றார். எலெக்ட்ரான் என்ற துகளை ஜே. ஜே. தாம்சன் உறுதி செய்தது 1897இல் என்பதை நினைத்தால், இக்கருத்தின் துணிச்சல் விளங்கும்.

கருத்தை மெய்ப்பிக்க அவர் வடக்கே சென்றார். தொடக்கப் பயணம் ஒன்றில் பனிப்புயலில் சிக்கிக்கொண்டனர். உடன் சென்ற மருத்துவ மாணவர் பியோர்ன் ஹெலாண்டு-ஹான்சன், குளிரில் கைவிரல்கள் விறைத்துச் செத்துப்போனதால் அவற்றின் பகுதிகளை இழந்தார். அறுவை மருத்துவராகும் எண்ணத்தை அவர் கைவிட நேர்ந்தது. பிற்காலத்தில் அவர் கடலியலில் பெரும்புகழ் பெற்றார்.

பிர்க்லாண்டு பின்வாங்கவில்லை. 1899இல் ஆல்ட்டாவுக்கு அருகே ஹால்டே என்ற மலையின் உச்சியில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கல்லால் ஓர் ஆய்வகம் கட்டுவித்தார். 3.4 கிலோமீட்டர் தொலைவில் வேறொரு சிகரத்தில் இரண்டாவது ஆய்வகம். இரண்டுக்கும் இடையே தொலைபேசிக் கம்பி. ஒரு சிகரத்தில் இருப்பவர் தொலைபேசியில் சொல்ல, இரு சிகரங்களிலும் ஒரே நொடியில் படம் எடுப்பது திட்டம். குளிர்காலம் முழுவதும் அவரும் உதவியாளர்களும் அந்த உச்சிகளில் தங்கினர். காற்று வீசத் தொடங்கினால் நாட்கணக்கில் கதவைத் திறக்க முடியாது. மேகம் மூடினால் காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. 1900 மார்ச் மாதத்தில் எலிசார் போயெ என்ற இளம் உதவியாளர் மலைச்சரிவில் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார்.

இத்தனை விலை கொடுத்தும் உயரம் கிடைக்கவில்லை. காரணத்தை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். தலைக்கு மேல் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒளி இருப்பதாகக் கொள்வோம். அடிக்கோடு 3.4 கிலோமீட்டர். 3.4ஐ 100ஆல் வகுத்து 57ஆல் பெருக்கினால் இடமாற்றக் கோணம் கிடைக்கும். அது 2 பாகைக்கும் சற்றுக் குறைவு. ஒளியின் விளிம்போ மங்கலானது; அன்றைய தகடுகளோ மெதுவாகப் பதிபவை. அளப்பதில் அரைப் பாகை பிழை வந்தாலே உயரத்தில் கால் பங்கு பிழையாகிவிடும். இரண்டு கண்களும் மிக அருகில் அமைந்துவிட்டன என்பதே குறை.

பிர்க்லாண்டு வேறு வகையில் தம் அடிக்கோட்டை நீட்டினார். 1902-03 குளிர்காலத்தில் வட நார்வே, ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பெர்கன் தீவு, நோவயா செம்லியா தீவு ஆகிய நான்கு இடங்களில் நிலையங்கள் அமைத்தார். நான்கிலும் காந்த ஊசிகளின் ஆட்டத்தை ஒரே நேரத்தில் பதிவு செய்து ஒப்பிட்டார். ஊசிகளின் விலகல்களை நிலப்படத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு படம் தெளிவாயிற்று. வானத்திலிருந்து காந்தக் கோடுகளின் வழியே மின்னோட்டம் இறங்குகிறது. வடமுனை ஒளியின் உயரத்தில் கிடையாக ஓடுகிறது. பின் மீண்டும் மேலே ஏறிச் செல்கிறது. அம்மின்னோட்டம் பத்து இலட்சம் ஆம்பியர் அளவினது!

ஆய்வுக்கூடத்திலும் அவர் ஒரு குட்டிப் பூமியைச் செய்தார். வெற்றிடப் பெட்டிக்குள் காந்தமேற்றிய உருண்டை ஒன்றைத் தொங்கவிட்டு, அதன்மேல் எதிர்மின்வாய்க் கதிர்களைப் பாய்ச்சினார். உருண்டையின் இரு முனைகளையும் சுற்றி ஒளி வளையங்கள் தோன்றின. முனையின் உச்சியில் அன்று, முனையைச் சுற்றி வளையமாக! வடமுனை ஒளியும் அப்படித்தான். காந்தத் துருவத்துக்கு நேர்மேலே குறைவாகவும், அதைச் சுற்றிய வளையத்தில் மிகுதியாகவும் தோன்றுகிறது என்பதை ஹெர்மன் ஃபிரிட்ஸ் என்பவர் பழைய பதிவுகளைத் தொகுத்து முன்னரே காட்டியிருந்தார். ஆல்ட்டா அந்த வளையத்தின் கீழே அமைந்திருப்பதால்தான் ஆராய்ச்சியாளர் அனைவரும் அங்கே சென்றனர்.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பிர்க்லாண்டு சாம் ஐட் என்ற பொறியாளருடன் சேர்ந்து, மின்வில்லின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து உரம் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். அதில் வந்த வருவாயை வடமுனை ஒளியில் செலவிட்டார்.

கணித ஆசிரியரின் ஒளிப்படப் பெட்டி

உயரத்தை இறுதியில் அளந்தவர் கார்ல் ஸ்டோர்மர் என்ற கணிதப் பேராசிரியர். பிர்க்லாண்டின் குட்டிப் பூமியைக் கண்டு வியந்து, காந்தப் புலத்தில் மின்துகள் செல்லும் பாதையைக் கணக்கிடுவதில் இறங்கியவர் அவர். மாணவப் பருவத்தில் சட்டைக்குள் சிறு படப்பெட்டியை மறைத்து வைத்துக்கொண்டு, தெருவில் செல்வோரை அவர்கள் அறியாமலே படமெடுத்த குறும்புக்காரரும் கூட. அந்த ஆர்வம் இப்போது கைகொடுத்தது. விரைவாகப் பதியும் படப்பெட்டியை அவரும் ஓலே கிரோக்னெசும் வடமுனை ஒளிக்கென்றே உருவாக்கினர்.

1910இல் போசெகோப்பில் 4 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அடிக்கோட்டுடன் தொடங்கினார். 1913இல் அடிக்கோட்டை ஏறத்தாழ 27 கிலோமீட்டராக நீட்டினார். முன் சொன்ன கணக்கின்படி இப்போது இடமாற்றக் கோணம் 15 பாகை. அதே அரைப் பாகைப் பிழை உயரத்தில் நூற்றில் மூன்று பங்கு பிழையைத்தான் தரும். தொலைபேசியில் ஒருவர் ‘இப்போது’ என்று சொல்ல, இருவரும் ஒரே நொடியில் படமெடுத்தனர். பின்னணி விண்மீன்கள் படத்திலேயே இருந்ததால் கோணத்தில் ஐயமில்லை. பல ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான புள்ளிகளை அளந்தார். கீழ் விளிம்பு பெரும்பாலும் 100 கிலோமீட்டரை ஒட்டியே அமைந்திருந்தது. மேகங்களைப் போலப் பத்து மடங்கு உயரம்! கதிர்களின் மேல்முனையோ பல நூறு கிலோமீட்டர் வரை சென்றது.

நிறங்களின் கதை

உயரம் தெரிந்ததும் நிறத்தின் புதிரும் அவிழ்ந்தது. சுவீடன் நாட்டு ஆங்ஸ்ட்ராம் 1867இலேயே வடமுனை ஒளியை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்து, அதில் பச்சைக் கோடு ஒன்று தனித்து ஒளிர்வதைக் கண்டிருந்தார். ஆனால் அது எந்தத் தனிமத்தின் கோடு என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் எந்த வாயுவும் அக்கோட்டைத் தரவில்லை. 1925இல் கனடா நாட்டு டொராண்டோவில் மக்லெனன், ஷிரம் இருவரும் அது ஆக்சிஜன் அணுவின் ஒளி என்று காட்டினர். அதன் அலைநீளம் 5577 ஆங்ஸ்ட்ராம்.

ஆய்வுக்கூடத்தில் அது எளிதில் தோன்றாததற்குக் காரணம் உண்டு. சாதாரணமாகக் கிளர்ந்த அணு, ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளியை உமிழ்ந்துவிடும். பச்சை ஒளி தரும் ஆக்சிஜன் அணுவோ முக்கால் நொடி வரை காத்திருக்கிறது. சிவப்பு ஒளி தரும் நிலையில் இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவாகக் காத்திருக்கிறது. அதற்குள் வேறோர் அணு வந்து மோதினால் ஆற்றல் ஒளியாகாமல் போய்விடும். ஆகவே காற்று மிக மெல்லியதாக இருக்கும் இடத்தில்தான் இந்த ஒளி பிறக்க முடியும். 100 கிலோமீட்டர் உயரத்தில் பச்சை. காற்று இன்னும் அரிதான 200 கிலோமீட்டருக்கு மேல் சிவப்பு. கீழ் விளிம்பில் ஓடும் இளஞ்சிவப்பும் ஊதாவும் நைட்ரஜன் தருபவை.

ஐம்பது ஆண்டுக் காத்திருப்பு

பிர்க்லாண்டு கண்ட மின்னோட்டம் என்னவாயிற்று? அவர் 1917இல் டோக்கியோ நகரில், 49ஆம் வயதில் காலமானார். அதன்பின் அவருடைய கருத்து ஏறத்தாழ ஒதுக்கி வைக்கப்பட்டது. இங்கிலாந்தின் சிட்னி சாப்மன் போன்ற பெரும் அறிஞர்கள், மின்னோட்டம் வளிமண்டலத்துக்குள்ளேயே சுற்றுகிறது, வெளியிலிருந்து இறங்குவதில்லை என்றனர். சுவீடன் நாட்டு ஹான்னஸ் ஆல்வேன் மட்டும் பிர்க்லாண்டின் பக்கம் நின்று வாதாடினார்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. தரையில் எத்தனை காந்த ஊசிகளை வைத்தாலும் இவ்விரண்டு கொள்கைகளில் எது சரி என்று பிரித்தறிய முடியாது. இரண்டும் தரையில் ஒரே வகையான ஊசி விலகலைத் தரக்கூடியவை. ஆகவே இது அறிவுக் குறைவால் எழுந்த பூசல் அன்று. இன்னோர் இடத்திலிருந்து, அதாவது ஒளிக்கு மேலிருந்து, பார்க்க வேண்டியிருந்தது. அந்த இடத்துக்குச் செல்ல அன்று வழியில்லை.

வழி பிறந்தது செயற்கைக்கோள்களால். 1963இல் செலுத்தப்பட்ட அமெரிக்கக் கடற்படைச் செயற்கைக்கோள் ஒன்று, துருவ வளையத்தைக் கடக்கும்போதெல்லாம் காந்தக் கலக்கத்தைக் காட்டியது. 1966இல் வெளியான அந்த அளவீடுகளும், 1970களில் வேறொரு செயற்கைக்கோள் தந்த நுண்ணிய அளவீடுகளும், காந்தக் கோடுகளின் வழியே மின்னோட்டம் இறங்குவதையும் ஏறுவதையும் மெய்ப்பித்தன. இன்று அவற்றுக்குப் பிர்க்லாண்டு மின்னோட்டங்கள் என்றே பெயர்.

சூரியனிலிருந்து துகள்கள் வருகின்றன என்பதும் இதே போன்ற எதிர்ப்பைச் சந்தித்தது. 1958இல் சிகாகோவின் யூஜின் பார்க்கர், சூரியனிலிருந்து எப்போதும் மின்துகள்கள் காற்றாக வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் கட்டுரை எழுதினார். அதைப் பரிசீலித்த இரு வல்லுநர்களும் வெளியிடத் தகாதது என்றனர். அந்த வானியல் இதழின் ஆசிரியர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்தில் நம்பிக்கை ஏற்படவில்லை. ஆயினும் கணிதத்தில் பிழை எதையும் யாரும் காட்டவில்லை என்று கூறிக் கட்டுரையை வெளியிட்டார். 1962இல் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மாரினர்-2 விண்கலம் சூரியக் காற்றை நேரடியாக அளந்தது.

பிர்க்லாண்டு சொன்னது முழுவதும் அப்படியே நிலைக்கவில்லை. துகள்கள் சூரியனிலிருந்து நேராகத் துருவத்தில் வந்து விழுவதில்லை. சூரியக் காற்று பூமியின் காந்தப் புலத்தை இரவுப் பக்கத்தில் நீண்ட வாலாக இழுக்கிறது. அந்த வாலில் ஆற்றல் சேர்ந்து திடீரென்று விடுபடும்போது, எலெக்ட்ரான்கள் முடுக்கப்பட்டுக் காந்தக் கோடுகளின் வழியே இறங்குகின்றன. இதை ஆராய 2007இல் ஐந்து செயற்கைக்கோள்கள் ஒன்றாகச் செலுத்தப்பட்டன. அதே வேளையில் கனடாவிலும் அலாஸ்காவிலும் இருபது தரை நிலையங்களில் படப்பெட்டிகள் ஒரே நேரத்தில் வானத்தைப் படமெடுத்தன. இரண்டு சிகரங்களில் தொடங்கிய முறை இன்று கண்டத்தையே அளாவி நிற்கிறது.

இந்த அறிவு இன்று பயன்படும் பொருளும் ஆகிவிட்டது. 1989 மார்ச் 13ஆம் நாள் வந்த காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 60 இலட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். 2024 மே 10ஆம் நாள் இரவு எழுந்த புயலின்போது லடாக்கின் ஹான்லே ஆய்வகத்தில் உள்ள படப்பெட்டிகளில் அடிவானத்தை ஒட்டிச் செவ்வொளி பதிவாயிற்று. அது ஏன் சிவப்பு? 100 கிலோமீட்டர் உயரத்திலுள்ள பச்சை ஒளி, பூமியின் வளைவினால் 1,100 கிலோமீட்டருக்கு அப்பால் மறைந்துவிடும். 400 கிலோமீட்டர் உயரத்துச் சிவப்பு ஒளியோ 2,200 கிலோமீட்டர் தொலைவிலும் அடிவானத்தில் எட்டிப்பார்க்கும்.

ஹால்டே மலையில் 1912 முதல் நிலையான ஆய்வகம் இயங்கியது. ஆராய்ச்சியாளர்கள் குடும்பத்தோடு அந்த உச்சியில் வாழ்ந்தனர். 1926இல் பணி வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் கட்டடம் எரிக்கப்பட்டது. பின்னர் மீண்டும் செப்பனிடப்பட்டு இன்றும் நிற்கிறது.

நீங்களும் செய்யலாம்

தமிழ்நாட்டிலிருந்து வடமுனை ஒளியைக் காண முடியாது. ஆனால் அதன் கீழ் விளிம்பின் உயரத்தை ஒட்டியே, 80 முதல் 100 கிலோமீட்டரில், எரிகற்கள் ஒளிர்கின்றன. ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 இரவுகளில் மிதுன விண்மீன் குழுவின் திசையிலிருந்து அவை மிகுதியாக வரும். நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஊர்களில் நண்பர்கள் இருவர் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு அமருங்கள். பேரொளியுடன் ஓர் எரிகல் விழும்போதெல்லாம் நேரத்தையும், எந்த விண்மீனுக்கு அருகே அது மறைந்தது என்பதையும் எழுதுங்கள். மறுநாள் ஏடுகளை ஒப்பிட்டு, இருவரும் ஒரே நொடியில் கண்டவற்றைத் தேர்ந்தெடுங்கள். அடிக்கோடு தெரியும், கோணம் தெரியும், உயரம் கிடைத்துவிடும்.

முதல் இரவிலேயே நல்ல விடை வராமல் போகலாம். ஹால்டே மலையுச்சியிலும் வரவில்லை. அடிக்கோட்டை நீட்டி, அடுத்த ஆண்டு மீண்டும் அமர வேண்டியதுதான்.